பொன்னமராவதிக்கும் கடற்கரைக்கும் இடையே: இடைக்காலச் சீன மெருகுக் கிண்ணங்களும் புதுக்கோட்டை உள்நாடும்

ஆய்வுச் சுருக்கம்

சுங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் தென்சீனச் சூளைகளில் செய்யப்பெற்ற மெருகுப்பூச்சுக் கிண்ணங்கள் தமிழகக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் கிடைத்துள்ளன. இக்கிண்ணங்களின் ஆக்கமுறை, அவை பாக்கு நீரிணைப் பகுதியை அடைந்த வணிகச் சூழல், உள்நாட்டில் அவற்றை இனங்காண்பதில் நேரும் பிழைகள் ஆகியவற்றைப் புறமலை நாட்டுப் பொன்னமராவதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சீன ஓடுகளைத் துறைமுகச் சான்றுகளாக மட்டுமே கருதும் வழக்கம் உள்நாட்டு நகரங்களின் வணிக வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பொன்னமராவதி, செலடன், ஸ்டோன்வேர், அல்லைப்பிட்டி, பெரியபட்டினம், ஐந்நூற்றுவர், பிரான்மலை

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கெல்லையில் அமைந்த பொன்னமராவதியின் வரலாறு இதுகாறும் பெரிதும் கல்வெட்டுகளைக் கொண்டே எழுதப்பெற்றுள்ளது. சோழீச்சுரமும், நிடதராசர் எனப்பட்ட தலைவர்களும், பாண்டிய நாட்டு உரிமைப் போரில் இவ்வூர் பெற்ற இடமும் அறியப்பட்டவை. அந்நகரில் வாழ்ந்தோர் எக்கலத்தில் உண்டனர், எக்கலத்தில் சேமித்தனர், அக்கலங்களுள் எவை கடல் கடந்து வந்தன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. கல்வெட்டு வளம் மிகுந்த ஊர்களுக்கே உரிய குறை இது. கல் பேசும் இடத்தில் ஓட்டைக் குனிந்து எடுப்பார் குறைவு.

பொன்னமராவதியிலிருந்து தொண்டியோ கோட்டைப்பட்டினமோ நேர்க்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. பொதிமாடுகளுக்கு இது சில நாள் நடை. சுவான்சோவிலிருந்தோ குவாங்சோவிலிருந்தோ பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து தமிழகக் கரையை அடைந்த ஒரு கிண்ணம், எஞ்சிய இச்சிறு தொலைவையும் கடந்ததா என்பதே இங்கு எழும் வினா.

கிண்ணத்தின் மண்ணும் தீயும்

மட்பாண்டங்களை அவை சுடப்படும் வெப்பநிலையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். தமிழகக் குயவர் சூளைகளில் சுடப்படும் சாதாரண மட்கலம் ஆயிரம் பாகை செல்சியசுக்குக் கீழான வெப்பத்தில் உருவாவது. அதன் உடலில் நுண்துளைகள் எஞ்சுவதால் நீர் கசியும். கோடையில் பானைநீர் குளிர்வதற்கு இக்கசிவே காரணம். வெப்பம் ஏறத்தாழ 1200 பாகையைத் தாண்டும்போது, அதைத் தாங்கும் தன்மையுள்ள களிமண் இறுகித் துளைகள் அடைபடுகின்றன. இவ்வாறு உருவாகும் கெட்டியான, தட்டினால் ஒலிக்கும், நீர் புகாத கலமே ஸ்டோன்வேர். கயோலின் என்னும் வெண்களிமண் கலந்து, மேலும் உயர்ந்த வெப்பத்தில் சுடப்பட்டு, வெண்மையும் ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையும் பெறுவது பீங்கான். தமிழக வீடுகளில் ஊறுகாய் போட்டுவைக்கும், மேற்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெளிர்நிறமும் கொண்ட சாடியை மக்கள் பீங்கான் என்றே வழங்குவர். தொழில்நுட்ப நோக்கில் அது ஸ்டோன்வேரே.

சீனத் தொல்லியலில் ஸ்டோன்வேருக்கும் பீங்கானுக்கும் இடையே இவ்வளவு கறாரான எல்லை வகுக்கப்படுவதில்லை. தமிழக அகழாய்வு அறிக்கைகளில் ஒரே வகை ஓடு ஓரிடத்தில் ‘செலடன்’ என்றும், மற்றோரிடத்தில் ‘சீனப் பீங்கான்’ என்றும் குறிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். செலடன் என்பது பச்சை மெருகுப்பூச்சின் பெயர். பூச்சுக்கு அடியிலுள்ள உடல் பெரும்பாலும் சாம்பல்நிற ஸ்டோன்வேராகவோ பீங்கானை நெருங்கியதாகவோ இருக்கும்.

அப்பச்சை நிறம் சாயத்தால் வருவதன்று. மரச்சாம்பல், சுண்ணாம்புச் சத்து, களிமண் ஆகியவற்றை நீரில் கரைத்த குழம்பில் கலம் தோய்க்கப்படுகிறது. அக்குழம்பில் ஓரிரு விழுக்காடு இரும்பு இருக்கும். சூளையில் காற்று குறைக்கப்பட்டுப் புகை நிறைந்தால், இரும்பு உயிர்வளியை இழந்து பசுமையும் நீலப்பசுமையும் தருகிறது. காற்று மிகுந்தால் அதே பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். ஒரே சூளையில் ஒரே நாளில் சுடப்பட்ட இரு கிண்ணங்கள் இருவேறு நிறம் பெறுவது இதனால்தான். இதை அறியாதோர் ஓடுகளை நிறத்தால் மட்டும் வகைப்படுத்தி, ஒரு சூளையின் பொருளை இரு நாட்டுப் பொருளாகக் காட்டிவிடும் இடர் உண்டு.

தென்சீனத்தில் இவ்வெப்பத்தை அளித்தவை மலைச்சரிவில் கட்டப்பெற்ற நீண்ட சூளைகள். அவற்றின் உருவம் கருதி அவை டிராகன் சூளைகள் எனப்பட்டன. ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான நீளமுடையவை பல. சரிவே புகைபோக்கியாகப் பயன்பட, கீழ்வாயில் மூட்டிய தீ மேல்நோக்கி இழுக்கப்பட்டது. பக்கத் துளைகளின் வழியே விறகு இடப்பட்டது. ஒரே சுடுதலில் பல்லாயிரம் கலங்கள் வெளிவந்தன. உயர்ந்த தரக் கிண்ணங்கள் தனித்தனி மண்ணுறைகளுக்குள் வைத்துச் சுடப்பட்டன. ஏற்றுமதிக்கான மலிவுக் கிண்ணங்களோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. மேற்கிண்ணத்தின் அடி ஒட்டிக்கொள்ளாதிருக்க, கீழ்க்கிண்ணத்தின் உட்புறத்தில் வட்டமாகப் பூச்சு சுரண்டி எடுக்கப்பட்டது. பூச்சற்ற அவ்வட்டத் தழும்பு, கடல்வணிகத்துக்கெனப் பெருமளவில் செய்யப்பட்ட கிண்ணத்தை அடையாளங்காட்டும் நம்பகமான குறிகளுள் ஒன்று.

கப்பலில் ஏறிய காரணம்

சீனப் பேரரசு மட்கலத்தை ஏற்றுமதி செய்ய ஊக்குவித்ததற்குக் கலைப்பெருமிதம் காரணமன்று. நாணயத் தட்டுப்பாடே காரணம். செப்புக்காசுகள் கடல்வழியே வெளியேறுவதைத் தடுக்கச் சுங் அரசு பலமுறை முயன்றது. 1219ஆம் ஆண்டின் ஆணை, அயல்நாட்டுச் சரக்குகளுக்குப் பொன், வெள்ளி, செம்பு கொடாமல் பட்டு, பூவேலைத் துணி, பீங்கான், அரக்குப் பொருள்களைக் கொண்டே விலை கொடுக்க வேண்டும் என்றது. ஆணை எவ்வளவு பின்பற்றப்பட்டது என்பதைத் தமிழக மண்ணே ஐயுறவைக்கிறது. பட்டுக்கோட்டை வட்டத்து விக்கிரமம், ஒலயக்குன்னம், மன்னார்குடிப் பகுதித் தாலிக்கோட்டை ஆகிய ஊர்களில் சீனச் செப்புக்காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. இவ்வூர்கள் கடற்கரைத் துறைகள் அல்ல. சீனப் பொருள் உள்நாட்டுக்குள் நுழைந்ததற்கு ஓடுகளைத் தேடுமுன்பே காசுகள் சான்று தந்துவிட்டன.

கிண்ணத்துக்கு மற்றுமொரு நடைமுறைச் சிறப்பு உண்டு: அது ஒன்றினுள் ஒன்று அடங்கும். 1119ஆம் ஆண்டளவில் சூ யூ என்பார் எழுதிய ‘பிங்சோ கேதான்’ என்னும் நூல், குவாங்சோவிலிருந்து புறப்படும் கப்பல்களில் பெரும்பகுதி மட்கலங்களே ஏற்றப்பட்டதையும், பெரியவற்றுள் சிறியவை செருகப்பட்டு இடைவெளியே இல்லாதவாறு அடுக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறது. கனமான இச்சரக்கு கப்பலின் அடியில் நிறைபாரமாகவும் பயன்பட்டது. நீரில் நனைந்தாலும் கெடாத சரக்கு பட்டுக்கும் நறுமணப் பொருளுக்கும் கீழே கிடப்பதே முறை.

இராசராசன் காலத்தில் புறப்பட்ட சோழத் தூதுக்குழு 1015இல் சீன அரசவையை அடைந்தது. 1033இலும் 1077இலும் மேலும் தூதுகள் சென்றன. சுமத்திராவின் பாரூசுக்கு அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘ஐந்நூற்றுவர்’ அங்கு இயங்கியதைக் காட்டுகிறது. அதே இடத்தில் நடந்த அகழாய்வில் அக்காலச் சீனக் கலங்களும் மிகுதியாக வெளிப்பட்டன. சுவான்சோவில் 1281இல் பொறிக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டு அந்நகரில் ஒரு சிவன் கோயிலுக்குச் சான்றாகிறது. இவ்விரு முனைகளுக்கும் இடையே கிண்ணங்கள் யாருடைய கப்பலில் வந்தன என்பதைவிட, யாருடைய கையால் கரையேறின என்பதே தமிழக வரலாற்றுக்கு முதன்மையானது.

அல்லைப்பிட்டியும் பெரியபட்டினமும்

பாக்கு நீரிணைப் பகுதியில் சுங் காலக் கிண்ணங்களுக்கு மிகத் தெளிவான சான்று யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவில் உள்ள அல்லைப்பிட்டி. 1970களின் பிற்பகுதியில் ஜான் கார்ஸ்வெல் அங்கு ஆய்வு மேற்கொண்டார். கிண்ணங்கள், வட்டில்கள், சாடிகள் என அங்கு கிடைத்தவை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான வட சுங் காலத்தவை. அவற்றுள் பெரும்பாலானவை குவாங்தொங் பகுதிச் சூளைகளின் ஆக்கங்கள். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகமும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் இணைந்து அங்கு மீண்டும் அகழ்ந்தன.

இக்கிண்ணங்களின் கலைமதிப்புப் பற்றி ஒன்று கூற வேண்டும். குவாங்சோவின் சீச்சுன் போன்ற சூளைகள், வடசீனத்து யாவ்சோவின் செதுக்குப் பூவேலைப் பச்சைக் கிண்ணங்களையும் சிங்தெசனின் நீலம் தோய்ந்த வெண்கலங்களையும் பார்த்து ஏற்றுமதிக்கென மலிவாகச் செய்தவை. அரண்மனைக்கென ஆக்கப்பட்ட கலையோடு ஒப்பிட்டால் இவை இரண்டாந்தரம். ஆயின் செதுக்குக் கோட்டில் காணப்படும் விரைவு, ஒரே பூவை நாள்தோறும் நூறுமுறை வரைந்த கையின் தேர்ச்சி. அதைக் குறையென்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கலை வரலாற்று நூல்கள் அரசவைக் கலங்களையே பேசுவதால், கடல்வழிப் பரவிய இக்கலங்கள் சீனக் கலையின் ஓரத்தில் தள்ளப்பட்டுள்ளன. தமிழ் மக்கள் கையில் எடுத்துப் பார்த்த சீனக் கலை இவையே.

தமிழகப் பக்கத்தில் இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினம் முதன்மை பெறுகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அங்கு அகழாய்வு நடத்தியது. எ.சுப்பராயலுவும் நொபோரு கராசிமாவும் ஆராய்ந்த அத்தொகுதியில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த லொங்சுவான் செலடன் மேலோங்கி நிற்கிறது. தெகுவா வெண்கலங்களும், சிங்தெசனின் நீலப்பூ வெண்கலங்களும், பழுப்பு மெருகுச் சாடிகளும் உடன் உள்ளன. வாங் தாயுவான் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய நூலில் குறிப்பிடும் ‘தாபதான்’ இப்பெரியபட்டினமே என்பது கராசிமாவின் முடிபு. அவர் பதிப்பித்து 2004இல் வெளியான தென்னிந்திய, இலங்கைச் சீன ஓடுகள் பற்றிய நூல் இத்துறையில் இன்றும் முதற்கருவி.

அல்லைப்பிட்டியும் பெரியபட்டினமும் ஒரே கடலின் இருகரைகள். ஆனால் ஒரே காலத்தவை அல்ல. முன்னது ஏறத்தாழ 1100ஐ ஒட்டியது. பின்னது பாண்டியர் எழுச்சிக்கும் அதன் பின்னைய காலத்துக்கும் உரியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பொன்னமராவதி வரலாற்றில் வெளிச்சம் பெறுகிறது.

ஊராத்துறையிலிருந்து பொன்னமராவதிக்கு

மதுரை உரிமைக்காகப் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் எழுந்த பூசலில், இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகு தன் தானைத்தலைவன் இலங்காபுரனை அனுப்பினான். இராமேசுவரத்தில் கரையிறங்கிய அப்படை வடக்கே முன்னேறிப் பொன்னமராவதி வரை வந்ததையும், அங்குப் போர் நிகழ்ந்ததையும், மாளிகை எரியூட்டப்பட்டதையும் பாலிமொழி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. வென்றோர் தரப்பு எழுதிய நூலாதலின் மிகைகளைக் கழித்தே கொள்ள வேண்டும். எனினும், எரிக்கத்தக்க மாளிகை ஒன்று இருந்த நகராகப் பொன்னமராவதி இலங்கையில் அறியப்பட்டிருந்தது என்பது புறந்தள்ளத்தக்கதன்று.

அதே பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் உள்ளது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஆனையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், வணிகச் சரக்கு மரக்கலம் உடைந்தால் பாதியும் அரசுப் பண்டாரத்துக்கு உரியவை. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. அல்லைப்பிட்டி அமைந்த அதே வேலணைத் தீவின் துறைமுகம். இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டோ, பராக்கிரமபாகு படை திரட்டிக் கப்பல் கட்டுவித்த இடங்களுள் ஊராத்துறையையும் மாதோட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறது. சீனக் கிண்ணங்கள் கரையேறிய தீவு, பொன்னமராவதியைத் தாக்கிய அரசின் கடற்றளமாகவும் இருந்திருக்கிறது. வணிகமும் படையும் ஒரே துறைவழியே நடமாடியதை இச்சான்றுகள் சேர்ந்து காட்டுகின்றன.

இதிலிருந்து அல்லைப்பிட்டிக் கிண்ணம் பொன்னமராவதி மாளிகைக்கு வந்தது என்று முடிவுகட்டுதல் தவறு. அவ்வாறு வருவதற்குரிய வழியும் ஆட்களும் இருந்தனர் என்பதே நிறுவத்தக்கது. ஆட்களைப் பற்றிப் புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் போதிய சான்று தருகின்றன. முனைசந்தைக் கல்வெட்டு முற்சோழர் காலத்திலேயே திசையாயிரத்து ஐந்நூற்றுவரைக் குறிக்கிறது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் கடலோடிய குழுவின் பெயரைத் தாங்கியோர். பொன்னமராவதிக்கு அண்மையிலுள்ள பிரான்மலைக் கோயிலில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகக்குழுக் கல்வெட்டு உள்ளது. பதினெண் பட்டினங்களையும் முப்பத்திரண்டு வளர்புரங்களையும் அறுபத்துநான்கு கடிகைத்தாவளங்களையும் சேர்ந்த வணிகர் கூடிக் கோயிலுக்கு மகமை வைத்ததை அது பதிவுசெய்கிறது.

அம்மகமைப் பட்டியல் நீளமானது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பனிநீர், கவரிமயிர், கற்பூரத் தைலம், குதிரை, ஆனை எனத் தொடரும் அவ்வரிசையில் கீழைக்கடற் பொருள்கள் பல உள. ஆயின் சீனக் கலம் எனத் தெளிவாக இனங்காணத்தக்க சரக்கு எதுவும் இல்லை. இதைக்கொண்டு உள்நாட்டில் சீனக் கலம் விற்கப்படவில்லை எனலாமா? பொதி, வண்டி, நிறை ஆகிய அளவுகளில் தொடர்ந்து நகரும் பண்டங்களுக்கே மகமை வைப்பது இயல்பு. ஒரு வணிகன் தன் மூட்டையில் வைக்கோல் சுற்றிக் கொணரும் பத்துக் கிண்ணங்கள் அவ்வகையின அல்ல. அவை விற்பனைச் சரக்காக அன்றிப் பரிசிலாகவோ வீட்டுப் பொருளாகவோ சென்றிருக்கலாம். பட்டியலின் மௌனத்தை மறுப்பாகக் கொள்ள இயலாது.

வலுவான எதிர்வாதம் வேறிடத்திலிருந்து வருகிறது. இலையில் உண்டு, மண்கலத்தை ஒருமுறை பயன்படுத்தி எறிந்து, உலோகக் கலத்தையே தூயதாகக் கருதிய சமூகத்தில் அயல்நாட்டு மண்கிண்ணத்துக்கு இடம் ஏது என்பதே அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பொன், வெள்ளி வட்டில்களை எடையோடு குறிக்கின்றன. மண்கலம் அத்தகைய கொடைப் பொருளாக வரவில்லை. கோயில் வழக்கைக் கொண்டு இல்ல வழக்கை முழுதும் கணிப்பது பொருந்தாது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980 முதல் நடத்திய அகழாய்வுகளில் செலடனும் சீனப் பீங்கானும் வெளிப்பட்டன. சோழ வேந்தரின் உள்நாட்டு அரண்மனையில் இடம்பெற்ற கலம், சிறிய அளவிலேனும் ஒரு நிடதராசன் மாளிகையிலும் இடம்பெற்றிருக்கக்கூடும் என எதிர்பார்ப்பது மிகையாகாது. வாய் வைத்து உண்ணும் கலமாக அன்றி, காட்சிக்குரிய அரும்பொருளாகவோ சந்தனமும் பாக்கும் வைக்கும் கலமாகவோ அது பயன்பட்டிருந்தால் தூய்மைத் தடை எழுவதே இல்லை.

ஓட்டை இனங்காணல்

பொன்னமராவதிப் பகுதியில் இவ்வாய்வுக்குத் தனித்த இடர்ப்பாடு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலேயா நாடுகளில் வணிகம் செய்த நகரத்தார், பீங்கான் தட்டுகளையும் சாடிகளையும் ஓடுகளையும் பெருமளவில் ஊருக்குக் கொணர்ந்தனர். எனவே இங்கு நிலத்தில் கிடைக்கும் மெருகு ஓட்டைக் கண்டதும் ‘செட்டிநாட்டுப் பீங்கான்’ என்று தூக்கியெறிவது இயல்பாகிவிட்டது. எறியப்படுவனவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் அத்தகையனவே. ஆயினும் அக்குவியலுள் கிடக்கும் ஓர் ஓடு எண்ணூறு ஆண்டு பழமையுடையதாயின், நகரின் வரலாற்றில் ஒரு பக்கமே குப்பைக்குப் போகிறது.

உடைந்த விளிம்பே முதலில் பார்க்கத்தக்கது. இடைக்காலச் செலடன் ஓட்டின் உடைப்பு சாம்பல்நிறமாக, மணிகள் நெருங்கி இறுகியதாக இருக்கும்; பூச்சு தடித்துச் சில இடங்களில் நுண்விரிசல் பரவியிருக்கும். பிற்காலத் தட்டின் உடைப்போ மாவுபோன்ற வெண்மை. அடுத்து, அடிப்பகுதி. சுங் காலக் கிண்ணத்தின் அடிவளையம் சக்கரத்தில் வைத்துச் சீவப்பட்ட தடம் தெரியப் பூச்சின்றி நிற்கும். தீப்பட்ட இரும்பால் செம்பழுப்பு ஏறியிருப்பதும் உண்டு. உட்புறச் சுரண்டல் வட்டம் முன்னரே கூறப்பட்டது. அச்சிட்ட பூவேலை, தொழிற்சாலை முத்திரை, ரோமன் எழுத்து ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அது பிற்காலத்தது. நீலப்பச்சைப் பூச்சும், நகத்தால் கீறக்கூடிய மென்மையான மஞ்சள் உடலும் கொண்ட ஓடு சீனத்ததே அன்று. அது பாரசீக வளைகுடாப் பகுதிக் கலம். ‘பீங்கான்’ என்னும் சொல்லும் அங்கிருந்து வந்ததே. பாரசீகத்தில் பிங்கான் என்றால் கிண்ணம். சீனப் பொருளைத் தமிழ் பாரசீகச் சொல்லால் அழைக்கிறது என்பதே இடைத்தரகர் யார் என்பதற்கு ஒரு மொழிச் சான்று.

பழுப்பு மெருகுச் சாடியின் உடைசல்கள் வேறு வகைச் சிக்கல். எண்ணெயும் ஊறலும் வைக்க ஏற்ற அச்சாடிகள் தலைமுறைகளாகக் கைமாறுபவை. கிண்ணம்போல் எளிதில் உடைவதில்லை. ஆகவே சாடி ஓடு கிடைத்த மண்ணடுக்கைச் சாடியின் காலத்தால் கணித்தல் ஆபத்தானது. கிண்ணம் குறுகிய ஆயுளுடையது, அதன் வடிவமும் பூவேலையும் சில பத்தாண்டுகளில் மாறுபவை. மண்ணடுக்கின் காலத்தைக் கணிக்கச் சிறு கிண்ண ஓடு பெருஞ்சாடியைவிடப் பயன்படுவது இதனால்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பொற்பனைக்கோட்டை அகழாய்வுகள் சங்ககாலத்தின்மீது கவனத்தைத் திருப்பியுள்ளன. வேண்டிய பணிதான். ஆனால் இடைக்கால மேடுகள் வீட்டுமனைக்கும் மண்ணெடுப்புக்கும் விரைவாகக் கரைகின்றன. அகழாய்வு வரும்வரை அவை காத்திருப்பதில்லை. பொன்னமராவதி, கொடும்பாளூர், முனைசந்தை, பிரான்மலை ஆகிய நான்கு இடங்களிலும், கடற்கரை நோக்கிய பழைய பெருவழியின் ஊர்களிலும் மேற்பரப்பு ஓடுகளை இடக்குறிப்போடு திரட்ட ஒரு பல்கலைக்கழகத் துறையின் முதுகலை மாணவர் குழுவே போதும். திரட்டியவற்றைப் பெரியபட்டினத் தொகுதியோடும் அல்லைப்பிட்டித் தொகுதியோடும் உடைப்பு, பூச்சு, அடிவளையம் என்னும் முறையில் ஒப்பிட வேண்டும். குவாங்தொங் கிண்ண ஓடு ஒன்று புறமலை நாட்டில் கிடைப்பின், அது இலங்காபுரன் படையெடுப்புக்கு முந்திய வணிகத்தைக் குறிக்கும். லொங்சுவான் ஓடு மட்டுமே கிடைப்பின், உள்நாட்டுக்குச் சீனக் கலம் வந்தது பிரான்மலைக் கல்வெட்டு வணிகர் காலத்தில்தான் என்று கொள்ள வேண்டியிருக்கும்.